நான்கு நாள் ஓடிய படம்

படம் இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் பிரமசக்திக்கு இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விடலாம் என்று தோன்றிவிட்டது. முதல் தடவை அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில். அணைத்திருந்தாள், குமிழைத் திருகியது விரலில் இன்னும் இருந்தது, ஆனால் திருகியது இன்றைக்கா நேற்றைக்கா என்று கேட்டுக்கொண்டபோது விரல் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவை காரணமே இல்லாமல். கல்லூரியின் அந்த நீளமான அறையில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். காலை பத்தரை மணி வெயில் துணியின் ஓரங்களில் மட்டும் கோடாக நின்றது. ஏசிக் குளிரில் முழங்கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. பக்கத்து நாற்காலியில் அண்ணன் லிங்கத்துரை. அறுபது வயது, சலவைச் சட்டை, ஆனாலும் உரக்கடையின் வாடை. நாற்பது வருஷமாக அந்த வாடை அவனோடுதான் வருகிறது, கல்யாண வீட்டுக்கும் வருகிறது, துஷ்டி வீட்டுக்கும் வருகிறது. “குளுருதா?” என்றான். “இல்ல.” “முந்தானையப் போத்திக்கிட வேண்டியதுதான?” “குளுரலன்னு சொல்லுதேன்லா.” அவன் சிரித்தான். முன்னால் மைக்கைத் தட்டிக்கொண்டு நின்றது அவன் மகள் அபிநயா. இதே கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், திரைப்பட மன்றத்துக்குச் செயலாளர் வேறு. “இந்தப் படத்தோட பேரு ‘காலவரையின்றி’. நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி நம்ம காலேஜ்லயே எடுத்தது. மொத்தம் நாலு நாள் ஓடுச்சு. அப்ப வந்த விமர்சனம் ஒரே வரிதான், ‘உப்புச் சப்பில்லாத படம்’. பிரிண்ட்டே இல்லன்னு நினைச்சிருந்தாங்க. இப்பத்தான் கிடைச்சிருக்கு. கோவத்துக்குக் காரணம் தெரியாத பசங்களப் பத்தின படம். பாத்துட்டு, அந்த ஒரு வரி சரியான்னு நீங்களே சொல்லுங்க.” அப்புறம் குறும்பாகப் பார்த்து, “இதுல கூட்டத்துல நின்ன ஒருத்தர் இங்கயே உக்காந்திருக்காரு” என்றாள். பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். பிரமசக்தி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். அவள் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. இன்றைக்கு வந்ததும் படத்துக்காக இல்லை. அதில் ஒரு இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு. கையை ஓங்கிக்கொண்டு ஒருவன் நிற்கும் ஒரு இடம்.

விளக்கு அணைந்தது. கறுப்பு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கலர்தான், பல தடவை துவைத்த கலர். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாலு பையன்கள் படுத்திருந்தார்கள். “என்னல செய்யலாம்?” என்றான் ஒருத்தன். “ஒண்ணும் செய்யாண்டாம்.” “நேத்தும் அதத்தான செஞ்சோம்?” “நேத்து ஒழுங்காச் செய்யல.” அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தன் சரளைக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூரத்துத் தகரத்தின் மேல் எறிந்தான். பட்டது, படவில்லை, பட்டது. இதற்காகத்தான் அந்தக் காலத்தில் ஜனங்கள் பாதிப் படத்தில் எழுந்து போனார்களாம், சண்டை வரும் பாட்டு வரும் என்று வந்தவர்கள். அவளுக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. ஏனென்றால் அண்ணன் அப்படித்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிலில் படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கிப் போட்டிருப்பான், சுவரில் குதிகால் பட்ட இடம் எண்ணெய்க் கறையாக இருக்கும், அம்மா திட்டுவாள். “என்னண்ணே வேணும் ஒனக்கு?” என்று இவள் கேட்டால், “தெரியல பிள்ள, தெரிஞ்சா எந்திரிச்சிர மாட்டேனா” என்பான். யாரோ அந்தச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து எழுதியது போல இருந்தது. விடுதிச் சோறு சரியில்லை என்று தொடங்கினார்கள். சோறு மாறியது, அப்புறமும் கோபம் போகவில்லை. பஸ் நிற்கவில்லை என்றார்கள். முதல்வர் அறைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். “உங்களுக்கு என்னப்பா வேணும்?” என்று படத்தில் முதல்வர் கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தனும் பேசவில்லை. நல்ல படம்தான் என்று அவள் நினைத்தாள், நினைத்ததும் எரிச்சலாக வந்தது. நாலு பையன்களுக்கும் தினம் ஒரு வெளுத்த சட்டை, அதைத் துவைத்தவள் ஒருத்தியும் படத்தில் இல்லை. அம்மா இல்லை, தங்கச்சி இல்லை. வீடே இல்லாமல் வளர்ந்த பையன்கள் போல. கையில் கோப்போடு ஒரு பெண் ஜன்னலிலிருந்து இரண்டு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். எடுத்தவருக்குப் பையன்களின் சலிப்பு தெரிந்திருந்தது. அவர்கள் ராத்திரி எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்தோம். அணைத்தோம்தான்.

சினிமாக்காரர்கள் படம் எடுக்க வந்தது புரட்டாசியில். தெருவே கல்லூரி மேட்டுக்கு ஓடியது. வெள்ளிக் காகிதம் ஒட்டிய பெரிய பலகைகளை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்திருந்தார்கள், எதிரே பார்க்க முடியாமல் கண் கூசியது. போராட்டக் காட்சிக்குக் கூட்டம் வேண்டும் என்று நிஜ மாணவர்களையே நிறுத்தினார்கள். அண்ணன் முன்வரிசையில் நின்றான். தக்கையில் செய்து சாம்பல் பூசிய கல்லைக் கையில் கொடுத்தார்களாம். மத்தியானம் கொடுத்த எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைத் தின்னாமல் இவளுக்குக் கொண்டுவந்தான். இவள் எட்டாம் வகுப்பு. அதற்கப்புறம் கார்த்திகையில் நிஜமாகவே நடந்தது. பஸ் படிக்கட்டில் தொங்கிய ஒரு மாணவன் விழுந்து செத்துப்போனான், மறுநாள் பஸ்ஸை மறித்தார்கள், எங்கிருந்தோ வந்த கல் டிரைவர் ஒருவரின் கண்ணில் பட்டது. ஒரு கண் போயிற்று. அன்றைக்கு அண்ணன் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான், எங்கே போயிருந்தாய் என்பதற்குப் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தபோது, தெருமுனையில் பேண்ட் போட்ட இரண்டு பேர். கையில் ஒரு போட்டோ. சிரித்த முகம். “பாப்பா, இதுல உங்க தெரு அண்ணன்மாரு யாராச்சும் இருக்காங்களா?” கூட்டம், புழுதி, நடுவில் கையை ஓங்கிய ஒருவன், ஓங்கிய கை முகத்தை மறைத்திருந்தது. முகம் எதற்கு? பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, கிழிந்த பையை அவளே நீல நூலால் தைத்தது. பழுப்பு நூல் வீட்டில் இல்லை. சினிமாக்காரர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள், அண்ணனைத் தேடுகிறார்கள், பெரிய வேஷம் கொடுக்கப் போகிறார்கள் என்று அவளுக்கு மூச்சு முட்டியது. விரலை வைத்து அழுத்திச் சொன்னாள், “எங்க அண்ணன்லா இது! லிங்கத்துரை. அந்தா, பச்சக் கதவு வீடு.” கூட்டிக்கொண்டே போனாள். அவர்களுக்கு முன்னால் ஓடினாள்.

பதினோரு நாள் உள்ளே இருந்தான். கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது ஷூட்டிங்கில் எடுத்த போட்டோ என்று அவன் சொன்னானாம், சொன்னவனைப் பார்த்துச் சிரித்தார்களாம். போட்டோ பிடித்த கடைக்காரர் இரண்டையும்தான் எடுத்திருந்தார், புரட்டாசியில் பொய்க் கலவரம், கார்த்திகையில் நிஜக் கலவரம், கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் கலந்து கிடந்தன. எது எதுவென்று யார் கண்டது? அம்மா அன்றைக்கு அடுக்களையில் வைத்து இவளுடைய தாடையைப் பிடித்து, “நீ ஒண்ணும் சொல்லல. கேட்டியா? யாரு கேட்டாலும் நீ ஒண்ணும் சொல்லல” என்றாள். அடிக்கவில்லை, அதற்கப்புறம் அதைப் பற்றிச் சாகும்வரை பேசவுமில்லை. போலீஸ் வந்த வீட்டுப் பெண்பிள்ளை தெருவில் நடக்க வேண்டாம் என்று அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். இவளுக்கு அது தண்டனை மாதிரித் தெரியவில்லை, போதாது என்றுதான் தெரிந்தது. பிரமுவுக்குப் படிப்பு ஏறவில்லை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள், சரி என்று அதையும் வைத்துக்கொண்டாள். அண்ணன் ஒரு உரக்கடையில் மூட்டை தூக்கி, பிறகு தனியாகக் கடை வைத்து, நாற்பதை நெருங்கும்போதுதான் கல்யாணம் செய்துகொண்டான். ஒவ்வொரு வருஷமும் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பொங்கப்படியைத் தானே சுமந்து வருவான், பச்சரிசி, கரும்பு, மஞ்சள் குலை, ஒரு வருஷம் தவறியதில்லை, காய்ச்சலோடு வந்த வருஷமும் உண்டு. “ஒனக்குக் குடுக்காம யாருக்குப் பிள்ள குடுக்கப் போறேன்” என்று ஒரு தடவை சொன்னான். மற்ற அண்ணன்மார் தங்கச்சிகளிடம் அப்படிச் சொல்வதை அவள் கேட்டதில்லை. அன்றைக்குக் கரும்பை வாங்கிய கை வெகுநேரம் கனத்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வேண்டுதல். எந்தத் தங்கச்சியும் வேண்டிக்கொள்ளாதது. அண்ணன் அந்தக் கல்லை நிஜமாகவே எறிந்திருக்க வேண்டும். அந்தப் போட்டோ கார்த்திகைப் போட்டோவாக இருக்க வேண்டும். அப்படியானால் அவள் உண்மையைத்தான் சொன்னாள், சின்னப் பிள்ளை, உண்மையைச் சொன்னாள். புரட்டாசிப் போட்டோ என்றால், தக்கைக் கல்லை வைத்துக்கொண்டு விளையாடிய அண்ணனை அவள் பிடித்துக் கொடுத்தாள். அதனால்தான் இந்தப் படம். அந்தக் கை படத்தில் வராமல் இருந்தால் போதும். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

வந்தது. கல்லூரி வாசல், புழுதி, வெள்ளிப் பலகை வெளிச்சம். கூட்டம் பிளந்து ஒருவன் முன்னால் வந்தான், பழுப்புக் கட்டம், நெஞ்சில் நீல நூல். அவ்வளவு பெரிய திரையில் அவளுடைய கோணல் தையல் ஒவ்வொன்றும் விரல் நீளம் இருந்தது. கை ஓங்கியது, முகத்தை மறைத்தது. அதே போட்டோதான். பின்வரிசையில் அபிநயா விசிலடித்து, “அப்பா!” என்று கத்தினாள், பையன்கள் கைதட்டினார்கள். ஆனால் போட்டோ அந்த இடத்தில் நின்றுவிடும், படம் நிற்கவில்லை. கை இறங்கியது. கைக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் வந்தது, அரை நொடி, அதற்கு மேல் இல்லை. அண்ணன் இல்லை. அண்ணனோடு படித்த செல்வின். ஒட்டிய கன்னம், நெற்றியில் அம்மைத் தழும்பு. பிரமசக்திக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் ஒரு கொடி தோன்றியது. முற்றத்துக் கொடி, அதில் ஈரச் சட்டை. படப்பிடிப்பின் இரண்டாம் நாள் அதிகாலை, காதில் பென்சில் செருகிய ஒல்லியான ஆள், கையில் அட்டை, மெட்ராஸ் பேச்சு. “நேத்து உங்க அண்ணன் போட்டிருந்த சட்டை வேணும் பாப்பா. இன்னைக்கும் அதே சட்டை வரலைன்னா காட்சி ஒட்டாது, படத்துல தாவிடும்.” “அண்ணன் சாத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டானே.” “அதனாலதான் பாப்பா சட்டை. ஆளுக்கு ஆள் இருக்கு.” அவள்தான் கொடியிலிருந்து எடுத்தாள். காலர் காயவில்லை. கரிப்பெட்டியைச் சூடாக்கி, காயும்வரை தேய்த்து, மடித்துக் கொடுத்தாள். சாயங்காலம் புழுதியோடு திரும்பி வந்தது, மறுபடி துவைத்தாள். துவைத்ததோடு மறந்துபோனாள். ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்ததையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? இரண்டு மாதம் கழித்துப் போட்டோவை நீட்டியபோது தையல்தான் தெரிந்தது. தையலைப் பார்த்து அண்ணன் என்றாள். கார்த்திகையும் இல்லை, புரட்டாசியும் இல்லை, அந்தப் போட்டோவில் அவன் இல்லவே இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முழங்காலில் இருந்த மரப்பு தொடைக்கு ஏறியிருந்தது. “அண்ணே, அது செல்வின்லா?” அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யாரா இருந்தா என்ன?” “சட்ட உன்னது.” “சட்டைக்கு என்ன, யாரு போட்டாலும் ஏறும்.” “நான் இல்லன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்லா?” “சொன்னா, பின்ன யாருலன்னு கேப்பான். செல்வின்னா அவனையும் பிடிச்சிட்டு வருவான். ஒரு தக்கக் கல்லுக்கு ரெண்டு பேரு எதுக்குட்டி?” பின்னாலிருந்து ஒரு பையன் குனிந்து, “அங்கிள், கதைய வெளிய போய்ப் பேசுங்களேன்” என்றான். அண்ணன் அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு வாயில் விரலை வைத்துக்கொண்டான். அண்ணன் கல்யாணத்தில் செல்வின் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுததும், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இருட்டில் வந்து வந்து போயின.

படம் அதன் பாட்டுக்கு ஓடியது. கல்லூரியைக் காலவரையின்றி மூடினார்கள். விடுதியிலிருந்து பையன்கள் தகரப் பெட்டிகளோடு இறங்கி ரயிலடிக்கு நடந்தார்கள், ரயில் வரவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லாமல் போய்விட்டது, கோபம் போன இடத்தில் வேறு ஒன்றும் வரவில்லை. ஒருத்தன் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினான். வெகுநேரம் தட்டினான். அந்த ஒரு வரி எழுதியவர் இந்த இடத்தில் எழுந்து போயிருப்பார். அவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, ரயில் வராமல், விளக்கு வராமல். விளக்கு வந்தால் அபி மைக்கைப் பிடிப்பாள், அண்ணனைக் கூப்பிடுவாள், அவன் போவான், எல்லோரும் கைதட்டுவார்கள், அப்புறம் டீயும் பிஸ்கட்டும், அப்புறம் ஆட்டோ, அப்புறம் தைப்பொங்கல், கரும்பு. இன்னொரு நாற்பத்தோரு வருஷம் இவளிடம் இல்லை. சொல்வதென்றால் இருட்டில்தான் சொல்ல முடியும். சொல்லைப் பலவந்தமாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது, உணர்ச்சி ஒன்றும் இல்லை, சாமான் எடுப்பது போலத்தான். திரையில் எழுத்துகள் ஏறத் தொடங்கின. “அண்ணே.” “ம்.” “அந்தப் போட்டோவப் பாத்து நீதான்னு சொன்னது நாந்தான். நாந்தான் அவங்களக் கூட்டிட்டு வந்தேன்.” எழுத்துகள் ஏறின. லைட் தூக்கியவர்கள் பெயர், சாப்பாடு போட்டவர் பெயர், ‘மற்றும் கல்லூரி மாணவர்கள்’. அண்ணன் தலையைத் திருப்பினான். கேட்டதா என்றே தெரியவில்லை. ஏதோ கேட்பதற்கு வாயைத் திறந்தான், அதற்குள் யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள், எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள், “எங்க அப்பா, லிங்கத்துரை!” என்று அபிநயா மைக்கில் கூப்பிட்டாள்.

எழுந்து போனான். நடையில் வித்தியாசம் இல்லை. மேடை என்று இல்லை, திரைக்கு முன்னால் கொஞ்சம் உயரமான பலகை, அதில் ஏறும்போது மட்டும் மகளின் தோளைப் பிடித்தான். அபிநயாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “கல்லெடுத்தது இவருதான்! அதுக்காகவே இவர காலேஜ விட்டுத் தூக்குனாங்க. போலீஸ் ஒரு போட்டோவ எடுத்துட்டு எங்க தெருவுல வீடு வீடாப் போயிருக்கு. ஒம்போது வீடு. ஒம்போது வீட்டுலயும் இவரக் காட்டிக் குடுத்துட்டாங்க. இப்பவும் அதே தெருவுலதான் இருக்கோம், அவங்க எல்லாருக்கும் அப்பா உரம் விக்கிறாரு.” சிரித்தார்கள். “ஒரே ஒரு ஆள்தான் சொல்லல. பதிமூணு வயசு. ரோட்டுல மறிச்சு அடிச்சுக் கேட்டிருக்காங்க. கன்னம் வீங்கிருச்சாம், வாயத் திறக்கவே இல்லையாம். உள்ள இருந்த பதினோரு நாளும் அந்த நினைப்புதான் தெம்பா இருந்துச்சுன்னு அப்பா எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காரு தெரியுமா? அது எங்க அத்தை. அந்தா இருக்காங்க.” பிரமசக்தி இதைக் கேட்டதே இல்லை. யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அம்மா. அம்மா சிறைக்குச் சோறு கொண்டுபோன தூக்குவாளியோடு இதையும் கொண்டுபோயிருக்கிறாள். கன்னம் வீங்கிற்று என்றுகூட. கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள், குளிர்ந்த தோல், அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. “அப்படித்தானப்பா?” அபிநயா மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அண்ணன் அதைப் பார்த்தான். அப்புறம் அறையின் இத்தனை தலைகளுக்கு மேலாக இவளைப் பார்த்தான். கடையில் ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது போல, நிதானமாக. யாரோ இருமினார்கள். இல்லை என்று சொல்லட்டும் என்று நினைத்தாள், சொல்லிவிட்டால் எழுந்து வாசல் வழியாக நேரே வெயிலுக்குப் போய்விடலாம். “ஆமா” என்றான் அண்ணன். “சொல்லல.” கைதட்டல் சடசடவென்று கிளம்பியது, பக்கத்து வரிசைப் பெண்கள் எழுந்து நின்றே தட்டினார்கள், “அத்தை, எந்திரிங்க, எல்லாரும் பாக்கட்டும்” என்று அபிநயா கத்தினாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். கைகூப்பினாள். தட்டி ஓய்வதற்குள் அண்ணன் பலகையிலிருந்து இறங்கி, ஓரமாக நடந்து, அவர்கள் வரிசைக்கு வந்தான். அவனுடைய நாற்காலியில் கைக்குட்டை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, அவளிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.